மிஸ் மார்வெல் 5ஆம் எபிசோடு: அந்த ஸ்டேஷனில் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யாராக இருந்திருக்க வேண்டும்?

மண்டபம் பேத்தி:

நேற்று ராத்திரி ‘மிஸ் மார்வெல்’ சூப்பர்ஹீரோ சீரியலின் ஐந்தாவது எபிசோடு பார்த்தேன். மனசு இன்னும் அந்த ரயில்வே ஸ்டேஷனை விட்டு வரவில்லை. பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கதையை உடைத்துத்தான் கேட்கப் போகிறேன்.

முந்தின எபிசோடுகளிலிருந்தே கதாநாயகி கமலா வீட்டில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. 1947 பிரிவினை நேரம். கராச்சிக்குப் போகிற கடைசி ரயில். ஸ்டேஷன் கூட்டத்தில் கமலாவின் பாட்டி சனா, அப்போது சின்னஞ்சிறு பிள்ளை, அப்பாவைத் தொலைத்துவிடுகிறாள். நட்சத்திரங்கள் வரிசையாகத் தெரிய, அதைப் பிடித்துக்கொண்டே போய் அப்பாவிடம் சேர்ந்தாள் என்பார்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்கிற கதை, கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். இந்த எபிசோடில்தான் தெரிகிறது, அந்த நட்சத்திரங்களைப் போட்டதே கமலாதான். குத்துப்பட்டுச் சாகக் கிடக்கிற ஆயிஷா, சனாவின் அம்மா, வளையலின் சக்தியால் துணைக்கு ஆள் அழைக்கிறாள். எழுபத்தைந்து வருஷம் தாண்டி வந்து நிற்பது அவளுடைய கொள்ளுப்பேத்தி.

காட்சியாக எனக்கு ஒரு குறையும் இல்லை. சனாவின் அப்பா ஹசனாக வரும் ஃபவாத் கானும் ஆயிஷாவாக வரும் மெஹ்விஷ் ஹயாத்தும் பேசுகிற இடமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். கமலா ஸ்டேஷனில் நடந்து போகும்போது சுற்றிலும் ஆட்கள் அழுவதும், விடைபெறுவதும், பெட்டிக்குள் பிள்ளைகளைத் தூக்கிக் கொடுப்பதும் காதில் விழுகிறதே, அங்கே நான் அழுதுவிட்டேன். ஆனால் நட்சத்திரம் கமலாவுடையது என்று தெரிந்த நிமிஷத்தில் எனக்குள் ஒன்று உறுத்தியது. ஏன் சொந்தப் பேத்தி? யாரோ ஒரு ஆளாக இருந்திருக்கக் கூடாதா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், நான் தனியாகப் பார்க்கவில்லை, நன்னியோடு, அதாவது அம்மாவின் அம்மாவோடு பார்த்தேன். பக்ரீத்துக்காக நன்னி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். இஷா தொழுதுவிட்டுத் தஸ்பீஹ் மணியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கமலா பாட்டியை ‘நானி’ என்று கூப்பிடுவது காதில் விழுந்ததும், “அந்தப் பிள்ளையும் நன்னின்னுதான் சொல்லுதா?” என்று கேட்டுக்கொண்டு நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நான் ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் சொல்லச் சொல்லப் பார்த்தார்.

என் நன்னி தனுஷ்கோடியில் பிறந்தவர். அவருடைய அத்தா (அப்பா) அங்கே கப்பல் துறையில் சாமான் தூக்கினார். மெட்ராஸிலிருந்து போட் மெயில் வரும், இறங்கி நடந்தால் ஸ்டீமர், ஸ்டீமரில் ஏறினால் தலைமன்னார். நன்னி சொல்வார், அந்த ரயில் வந்து நிற்கும்போது ஊரே காப்பி வாசனை அடிக்கும் என்று. 1964 டிசம்பர் 22ஆம் தேதி, புயல் அடித்த ராத்திரி, நன்னிக்கு எட்டு வயசு. பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அடித்து, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு போனது எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் நடந்தது அவ்வளவாக வெளியே வரவில்லை. நன்னி தன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார். ஒரு அலை. சேலை கையில் இல்லை.

யாரோ ஒரு ஆள் அவரைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். தூக்கியதும் செய்த முதல் வேலை, தோளில் கிடந்த துண்டை எடுத்து நன்னியின் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதுதான். இருட்டில் முகம் தெரியவில்லை. மணல்மேட்டில் ஏறி, விடிகிறவரைக்கும் தன் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நன்னியை உள்பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கிழக்கு வெளுத்ததும் முடிச்சை அவிழ்த்தார். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தது நன்னிக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. “இங்கனயே இரு பாப்பா, நான் என் பிள்ளைகளைப் பாத்துட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். திரும்பி வரவில்லை. நன்னி தன் அத்தாவோடு சேர்ந்தது மூன்றாம் நாள், ராமேஸ்வரத்தில். அம்மா கிடைக்கவே இல்லை.

இப்போது என் உறுத்தல் புரிகிறதா? அந்த ஆளுக்கு நாங்கள் ஒன்றும் ஆகமாட்டோம். சாதி தெரியாது, மதம் தெரியாது, பேர் தெரியாது. சொந்தப் பிள்ளைகள் எங்கே என்று தெரியாத நேரத்தில் வேறு யாருடைய பிள்ளையையோ கையோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரிவினையிலும் அப்படித்தானே நடந்திருக்கும்? கோடிக்கு மேல் ஜனம் ஊரைவிட்டுக் கிளம்பியபோது, கைதவறிய பிள்ளைகளை யாரோ ஒருத்தர்தானே தூக்கியிருப்பார்? அந்த இடத்தில் பேத்தியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அந்த யாரோ ஒருத்தர் காணாமல் போய்விட்டார் என்று எனக்குப் பட்டது.

ஆனால் நன்னிக்கு அப்படிப் படவில்லை. குட்டி சனா அப்பாவிடம் போய்ச் சேர்ந்ததும் நன்னி தன் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு, “அந்தப் பிள்ளைக்காவது யாருன்னு தெரிஞ்சிருச்சு” என்று மட்டும் சொன்னார். அப்புறம் படுக்கப் போய்விட்டார்.

உங்களுக்கு எப்படிப் பட்டது? நான்தான் தப்பாகப் பார்க்கிறேனா?

—

கீழக்கரை காமிக்ஸ்காரன்:

சகோதரி, இதைப் படித்துவிட்டு அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். நான் வேறு மாதிரி நினைக்கிறேன்.

ஆயிஷா யாரை அழைத்தாள்? பேத்தியே வா என்று கேட்கவில்லை. அவளுக்குக் கமலா என்று ஒருத்தி பிறக்கப் போவதே தெரியாது. பிள்ளையைக் காப்பாற்ற யாராவது வேண்டும், அவ்வளவுதான். வந்து நின்ற பெண்ணை அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை. குட்டி சனாவுக்கோ சுத்தமாகத் தெரியாது, கமலா யாரோ ஒரு அக்கா. உறவு என்று தெரிந்தது கமலாவுக்கும் பார்க்கிற நமக்கும் மட்டும்தான். உங்கள் நன்னி மணல்மேட்டில் இருந்த மாதிரிதான் சனாவும் அந்த பிளாட்பாரத்தில் இருந்தாள். தூக்கிய கை யாருடையது என்று பல வருஷம் அவளுக்கும் தெரியாது. வயசான காலத்தில் பேத்தி வந்து சொல்லும்போதுதான் தெரிகிறது.

முதலில் யார், கமலாவா நட்சத்திரமா என்று என் தம்பி கேட்டான். முட்டை முதலா கோழி முதலா மாதிரி ஒரு கேள்வி. என் பதில்: மாற்றி எழுதப்பட்ட காலம் என்று ஒன்று இதில் கிடையாது. எப்போதுமே கமலாதான் அங்கே இருந்தாள். சனா பிழைத்ததால் கமலா பிறந்தாள், கமலா பிறந்ததால் சனா பிழைத்தாள். கயிற்றின் இரண்டு நுனியையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

அந்த முடிச்சை எனக்குப் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. காமிக்ஸில் கமலா 2013ல் வந்தாள், 2014ல் தனிப் புத்தகமே போட்டார்கள், 2015ல் அதற்கு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. அந்தக் கமலாவின் சக்தி வேறு. உடம்பை நீட்டுவாள், கையைப் பெரிசாக்குவாள். வளையலுக்கும் அந்தச் சக்திக்கும் சம்பந்தமில்லை. சீரியலில் அதை ஒளியாக மாற்றியபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது, முதல் இரண்டு எபிசோடும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். நீளுகிற கையை வைத்துக்கொண்டு இந்த ஸ்டேஷன் காட்சியை எடுத்திருக்க முடியாது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். இருட்டில் நிற்கிற பிள்ளைக்கு வெளிச்சம்தான் வேண்டும்.

இன்னொன்று. நான்காம் எபிசோடையும் இதையும் இயக்கியவர் ஷர்மீன் ஒபைத் சினாய். கராச்சிக்காரர். ஆவணப் படங்களுக்காக இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். ஸ்டேஷனில் கூட்டத்தின் பேச்சை நம் காதில் போட்டுவிட்டுக் கதாநாயகியைச் சும்மா நடக்கவிட்டாரே, அந்தத் துணிச்சல் ஆவணப் படம் எடுத்தவருக்குத்தான் வரும். நீங்கள் தேடுகிற ‘யாரோ ஒருத்தர்’ அந்தக் குரல்களில் இருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. சண்டையே இல்லாமல் ஒரு சூப்பர்ஹீரோ எபிசோடைப் பாதிக்கு மேல் ஓட்டியதற்கே அவருக்கு ஒரு சலாம்.

நன்னிக்கு என் சலாமையும் சொல்லுங்கள்.

—

தொண்டி டீச்சர்:

ஸ்டேஷன் காட்சி வரைக்கும் எனக்கும் சம்மதம். அதற்கப்புறம் எபிசோடு தடுமாறிவிட்டது, இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

வில்லி நஜ்மாவைப் பாருங்கள். போன எபிசோடில் பெற்ற மகன் கம்ரானையே விட்டுவிட்டு வந்தவள். ஆயிஷாவைக் குத்திக் கொன்றவள். எத்தனையோ வருஷமாகத் தன் உலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற ஒரே வெறியில் இருந்தவள். கராச்சியில் அந்த உலகத்துக்கும் இந்த உலகத்துக்கும் நடுவில் இருக்கிற திரை திறந்ததும், கமலா மகன் பேரைச் சொல்லி நாலு வார்த்தை பேசுகிறாள், உடனே மனசு மாறி உயிரைக் கொடுத்துத் திரையை மூடிவிடுகிறாள். ஒரு தாய் மனசு மாறுவதை நான் நம்புவேன். இரண்டு நிமிஷத்தில் மாறுவதை நம்பமாட்டேன். ஆயிஷா, ஹசன் கதைக்குக் கொடுத்த நேரத்தில் கால்பங்கு அவளுக்கும் கொடுத்திருக்கலாம். ஆறு எபிசோடு என்று முடிவு செய்துவிட்டு எட்டு எபிசோடு கதையை வைத்திருக்கிறார்கள்.

பிரிவினைப் பாடம் நடத்துகிறவள் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் 15 சுதந்திரம், எல்லைக்கோடு எங்கே போகிறது என்று வெளியிட்டது ஆகஸ்ட் 17. தன் வீடு எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு நாள் இருந்தவர்கள் உண்டு. என் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் தேர்வுக்கு எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். இந்த எபிசோடைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்று காலையில் என்னிடம் வந்து, “டீச்சர், ரயிலில் இடம் கிடைக்காதவங்க என்ன ஆனாங்க?” என்று கேட்டான். அதற்காக நஜ்மா விஷயத்தை மன்னிக்கலாம் என்று தோன்றுகிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: நீங்கள் தப்பாகப் பார்க்கவில்லை. நன்னியும் தப்பாகப் பார்க்கவில்லை.

—

தங்கச்சிமடம் மீனவன்:

தங்கச்சி, நான் இந்த மாதிரி சீரியல் பார்க்கிற ஆள் இல்லை. மகன் பார்ப்பான். நீ எழுதியதை அவன்தான் எனக்குக் காட்டினான். தனுஷ்கோடி என்று இருந்ததால் படித்தேன். படித்துவிட்டு அவன் போனிலேயே அந்த ஸ்டேஷன் காட்சியை மட்டும் பார்த்தேன்.

நான் உன் கட்சி.

2022 மார்ச் மாதத்திலிருந்து இலங்கையிலிருந்து மறுபடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும். அங்கே அப்போது பால் மாவு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, அரிசி வாங்கக் காசு பத்தவில்லை. படகுக்காரன் காசை வாங்கிக்கொண்டு ராத்திரியில் ஏதாவது ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். விடிந்து பார்த்தால் சுற்றிலும் கடல். குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள், நாங்கள் வத்தையில் (சின்ன நாட்டுப்படகு) வலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு திட்டில் சிவப்பாக ஏதோ ஆடுவது தெரிந்தது. கிட்டப் போனால் ஒரு பெண் துண்டை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் புருஷன், இரண்டு பிள்ளைகள். சின்னப் பிள்ளை அழக்கூட இல்லை, அழுது முடித்துவிட்டது. எங்களிடம் இருந்த தண்ணீர் கேனை இறக்கிக் கொடுத்தோம். அந்தப் பெண் முதலில் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள், அப்புறம் புருஷனுக்கு, கடைசியில் மூடியில் கொஞ்சம் ஊற்றித் தான் குடித்தாள். கேனை அப்படியே குடி என்று சொன்னதற்கு, “உங்களுக்கு வேண்டாமா அண்ணா?” என்று கேட்டாள். கரைக்குத் தகவல் சொன்னோம், வந்து கூட்டிப் போனார்கள். மண்டபம் அகதிகள் முகாமில்தான் இருப்பார்கள்.

பேர் கேட்கவில்லை. கடலில் ஆளைத் தூக்கும்போது யாரும் பேர் கேட்பதில்லை, கேட்க நேரமும் இருக்காது. அந்தப் பிள்ளை வளர்ந்து, தண்ணீர் கொடுத்தது யார் என்று நினைத்தால் ஒரு கேனும் வத்தையும்தான் நினைவுக்கு வரும். அது போதும். சீரியலில் அந்த இடத்தைச் சொந்தக்காரர்களுக்கே கொடுத்தது எனக்கும் பிடிக்கவில்லை. சொந்தப் பிள்ளையைத் தூக்க வளையல் எதற்கு? யார் பெற்ற பிள்ளையோ என்று தெரியாமல் தூக்கத்தான் பலம் வேண்டும்.

இன்னொரு விஷயம். உன் நன்னியைத் தூக்கிய ஆள் துண்டால் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டார் என்றாயே, அது கடலில் போகிறவன் செய்கிற வேலை. கையைப் பிடித்தால் வழுக்கும், பிள்ளை பயத்தில் விட்டுவிடும். கட்டினால் விடாது. என் அப்பாவும் எனக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். அவர் எங்கள் ஆளாகத்தான் இருக்க வேண்டும், நீ நன்னியிடம் கேட்டுப் பார்.

—

மண்டபம் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. காமிக்ஸ்காரர் சொன்னதைப் படித்தபின் எனக்குப் பாதி உறுத்தல் போய்விட்டது. ஆயிஷா யாரையோதான் அழைத்தாள் என்பது நான் யோசிக்காத விஷயம். நஜ்மா விஷயத்தில் டீச்சர் சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணே, நீங்கள் எழுதியதை நன்னிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தண்ணீரை மூடியில் ஊற்றிக் குடித்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “அந்தப் பிள்ளைக இப்ப கேம்ப்லதானே இருக்கு? பக்ரீத்துக்குக் கறி கொண்டுட்டுப் போய்க் குடுக்கலாமா, உள்ள விடுவாங்களா?” என்று கேட்டார். அத்தா விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அப்புறம் கடல்காரன் முடிச்சு பற்றிக் கேட்டேன். அப்போது நன்னி ஒன்று சொன்னார். அம்மாவுக்கே தெரியாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த ஆள் ராத்திரி முழுக்க இரண்டு பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். காற்றில் அவர் கத்துவது நன்னியின் காதுக்குள்ளேயே விழுந்திருக்கிறது. ஒரு பையன் பேர், ஒரு பெண் பேர். விடிகிற நேரத்தில் தொண்டை போய்விட்டது, வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது என்றார். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “யாருகிட்ட சொல்ல? அல்லாஹ்கிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார். ஒவ்வொரு தொழுகைக்கும் பிறகு அந்த இரண்டு பேரையும் சேர்த்துத்தான் துஆ கேட்கிறாராம். எனக்கு ஐந்து வயசிலிருந்து நன்னியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன், என்ன என்று கேட்டதே இல்லை.

இரண்டும் கிறிஸ்தவப் பேர்கள். அதனால் நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம் அண்ணே. புயலுக்கு அப்புறம் தனுஷ்கோடியிலிருந்து தங்கச்சிமடத்துக்கு வந்து தங்கிய குடும்பங்கள் இன்னும் இருக்கிறதா? அந்தப் பிள்ளைகள் பிழைத்திருந்தால் அறுபது வயசை ஒட்டியோ தாண்டியோ இருப்பார்கள். பேர்களை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

—

தங்கச்சிமடம் மீனவன்:

பார்த்தேன் தங்கச்சி. அந்தப் பையன் பேர் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். பெண் பேர் அப்படி இல்லை, அது அதிகம் வைக்காத பேர். தனுஷ்கோடியிலிருந்து வந்த பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், அப்போது கேட்கிறேன். அந்த ஆள் எந்தப் பக்கமாக இறங்கிப் போனார், ஸ்டேஷன் பக்கமா, கோயில் பக்கமா என்று மட்டும் நன்னியிடம் கேட்டு வை.